பச்சை உடம்புக்காரியின் இரண்டு மணி நேரம்

செவிலியர் மாணவிகளுக்கு அவர் எடுக்கும் முதல் வகுப்பில் புத்தகம் கிடையாது. ஒரு அளவுக் குவளை, சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர், நாப்கின்கள், ஆபரேஷன் தியேட்டர் மோப் துணிகள், ஒரு கிட்னி டிரே. பிள்ளைகள் வருவதற்குள் தண்ணீரை அளந்து ஒவ்வொன்றிலும் ஊற்றி வைத்துவிடுவார். "எதுல எவ்வளவு ரத்தம் இருக்குன்னு சீட்டுல எழுதுங்க" என்பார். மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு எல்லாரும் குறைத்துத்தான் எழுதுவார்கள். 45 சென்டிமீட்டர் சதுர மோப் ஒன்று முழுக்க நனைந்தால் சுமார் 350 மில்லி பிடிக்கும். அதற்கு 100 என்று எழுதியவர்கள் உண்டு. தரையில் அரை மீட்டர் அகலத்துக்குப் பரவினால் அரை லிட்டர், முக்கால் மீட்டர் என்றால் ஒரு லிட்டர். "கட்டில்ல இருந்து தரைக்கு வடிஞ்சாச்சுன்னாலே லிட்டர் தாண்டிருச்சுன்னு வச்சுக்கோங்க. அப்புறம் நின்னு கணக்குப் பார்க்காதீங்க, ஆள் கூப்பிடுங்க."

தென் மாவட்டம் ஒன்றில் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, அரசுத் தலைமை மருத்துவமனையின் லேபர் வார்டிலேயே பெரும்பகுதியைக் கழித்து, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். டியூட்டி டாக்டர் முதல் ஆயாம்மா வரை எல்லாருக்கும் அவர் 'பெரிய சிஸ்டர்'. இப்போது ஒரு செவிலியர் கல்லூரியில் வாரத்தில் சில நாட்கள் பாடம் எடுக்கிறார்.

பிரசவத்தில் தப்பு எங்கே நடக்கிறது என்று கேட்டால் வெளியாட்கள் கத்தியையும் ஆயுதத்தையும்தான் சொல்வார்கள். பெரிய சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவார். குழந்தை அழுததும் அறையில் இருக்கிற எல்லாருடைய கண்ணும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். எடை பார்க்க வேண்டும், கையில் டேக் கட்ட வேண்டும், கதவுக்கு வெளியே நிற்கிற பாட்டியிடம் காட்ட வேண்டும். பக்கத்து மேஜையில் இன்னொருத்தி முக்கிக்கொண்டிருப்பாள். நஞ்சு விழுந்து தையலும் போட்டாகிவிட்டால் இந்தப் பெண்ணின் கதை முடிந்தது என்று மனசு சொல்லிவிடும். தாயைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய இரண்டு மணி நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. தன் கண்ணெதிரே நடந்த சேதாரங்களில் பெரும்பாலானவை யாருடைய கையும் தவறியதால் நடந்தவை அல்ல, யாரும் திரும்பிப் பார்க்காததால் நடந்தவை என்பது அவர் கருத்து.

நிறைமாதக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் ஓடுகிறது. நஞ்சு பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கிற ரத்தக்குழாய்களை நெருக்கி அடைப்பது கர்ப்பப்பையின் தசைதான். அது சுருங்கிக் கட்டியாகிவிட்டால் பிழைத்தாள். தளர்ந்து கிடந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் ஊசலாடும். அதனால்தான் குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தொடையில் போடச் சொல்கிறார்கள். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. மின்வெட்டில் ஃபிரிட்ஜ் அணைந்து கிடந்த ஆம்பூலைப் போட்டாலும் 'ஊசி போடப்பட்டது' என்றுதான் ஷீட்டில் இருக்கும். கர்ப்பப்பைக்கு மட்டும் தெரியும், போடவில்லை என்று. நிரம்பிய மூத்திரப்பையும் இதே வேலையைச் செய்யும். கர்ப்பப்பையைச் சுருங்க விடாது. "முதல்ல சிறுநீர் கழிச்சாளா பாரு" என்பதை அவர் மூன்று தலைமுறை மாணவிகளிடம் சொல்லியிருக்கிறார்.

ரத்தம் போவது கண்ணுக்குத் தெரியும்தானே என்று தோன்றும். தெரியாது. கர்ப்பிணி உடம்பில் ரத்தத்தின் அளவே கூடியிருக்கும். ஒரு லிட்டர் போன பிறகும் பி.பி. ஒழுங்காகக் காட்டும், முகம் தெளிவாக இருக்கும், பேச்சு வரும். நாடித்துடிப்பு மட்டும் மெல்ல ஏறும். பி.பி. விழுகிறபோது மீட்பதற்கு இருந்த நேரத்தில் பெரும்பகுதி போயிருக்கும்.

கர்நாடகத்தின் பெலகாவியில் ஜவகர்லால் நேரு மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் போகிற ரத்தத்தை அளக்க ஒரு எளிய வழி கண்டார்கள். இடுப்புக்குக் கீழே விரிக்கிற பிளாஸ்டிக் விரிப்பு, அடியில் அளவுக்கோடு போட்ட பை. கண்ணால் மதிப்பிட்டதையும் பையில் சேர்ந்ததையும் ஒப்பிட்டபோது, கண் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துச் சொன்னது. 2006-ல் அந்த முடிவு வெளிவந்தது. 2023-ல் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஈ-மோட்டிவ் ஆய்வு, இதே மாதிரிப் பையோடு கர்ப்பப்பை மசாஜ், ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யச் சொன்னது. வழக்கமான முறையில் அதிக உதிரப்போக்கு வந்தவர்களில் பாதிப் பேரைத்தான் கண்டுபிடித்தார்கள். பை விரித்த இடங்களில் 93 சதவீதம் பேரை. கடும் உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, மரணம் ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன. அந்த ஆய்வுச் செய்தி வந்த நாளில் பெரிய சிஸ்டர் சொன்னது: "புது மருந்து ஒண்ணுமே கண்டுபிடிக்கலை பாருங்க. அளந்து பார்த்திருக்காங்க, அவ்வளவுதான்."

வெளியே வராத ரத்தம் இன்னொரு வகை. ஒருமுறை தலைப்பிரசவம் முடிந்து தையல் போட்ட பெண் ஒருத்தி வலி தாங்க முடியவில்லை என்று விடாமல் அழுதுகொண்டிருந்தாள். நைட் டியூட்டி. "தையல் போட்டா வலிக்கத்தாம்மா செய்யும், எல்லாரும் பெத்துக்கலையா?" என்று இரண்டு முறை வலி ஊசி போட்டாயிற்று. அழுகை குறையவில்லை. "மலம் வர்ற மாதிரி முட்டுது அக்கா" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் காப்பாற்றியது. கையுறை போட்டுப் பார்த்தபோது தையலுக்கு உள்ளே, யோனிச் சுவருக்கும் ஆசனவாய்க்கும் இடையில் ரத்தம் கட்டி ஆரஞ்சுப் பழம் அளவுக்குப் புடைத்து நின்றது. நாப்கினில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. நாடி 130. தியேட்டருக்கு எடுத்துப்போய்த் தையலைப் பிரித்து, கட்டியை வெளியேற்றி, ரத்தம் ஏற்றி மீட்டார்கள். தையல் வலி ஊசிக்கு அடங்கும். அடங்காத வலியும் ஆசனவாயில் முட்டுகிற உணர்ச்சியும் சேர்ந்து வந்தால் தையலைத் திறந்து பார்க்க வேண்டும். அன்றிலிருந்து 'வலி என்கிறாள்' என்று மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதுவதை அவர் அனுமதித்ததில்லை. எங்கே, எப்படி, ஊசிக்குக் கேட்டதா என்று எழுத வேண்டும்.

உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் வாழ்க்கை முழுக்கத் துரத்துகிற காயம் ஆசனவாய்த் தசைக் கிழிசல். பிரசவக் கிழிசலை நான்கு தரமாகப் பிரிக்கிறார்கள். மலத்தை அடக்குகிற தசை கிழிந்தால் மூன்றாவது, கிழிசல் மலக்குடல் உள்தோல் வரை போனால் நான்காவது. தலைப்பிரசவம், பெரிய குழந்தை, ஆயுதம் போட்டு எடுப்பது, தலை திரும்பாமல் முகம் மேல்நோக்கி வருவது எல்லாம் இதற்கு வழிவகுக்கும். கிழிவது எப்போதும் கவனக்குறைவு ஆகாது; நல்ல கைகளிலும் கிழியும். கிழிந்ததைப் பார்க்காமல் மேல்தோலை மட்டும் தைத்து அனுப்புவதுதான் கவனக்குறைவு. 1993-ல் லண்டனில் அப்துல் சுல்தானும் அவரது குழுவினரும் ஆசனவாய்க்குள் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தபோது, முதல் முறை சுகப்பிரசவம் ஆனவர்களில் 35 சதவீதம் பேருக்குக் கண்ணில் படாத தசைக்காயம் இருந்தது. அவற்றில் ஒரு பகுதி, பிரசவ அறையிலேயே தேடியிருந்தால் கிடைத்திருக்கக்கூடியவை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. தேடுவதற்குக் கருவி வேண்டாம். நல்ல வெளிச்சம், தையலுக்கு முன்னும் பின்னும் ஆசனவாயில் ஒரு விரல். முன்னால் வைப்பது தசை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க. பின்னால் வைப்பது போட்ட தையல் மலக்குடலுக்குள் ஊடுருவிவிட்டதா என்று பார்க்க.

விரல் வைக்காத பிரசவங்களின் கணக்கு வருடங்கள் கழித்து வெளிநோயாளிப் பிரிவில் தெரியும். இரண்டாவது பிள்ளைக்காக வந்த பெண்ணிடம் பழைய பிரசவம் பற்றிக் கேட்கும்போது, தலையைக் குனிந்துகொண்டு, "காத்து அடக்க முடியலை சிஸ்டர். பஸ்ஸுல போக மாட்டேன். கோயிலுக்குப் போறதையே விட்டுட்டேன்" என்பாள். புருஷனுக்குக்கூடத் தெரிந்திருக்காது. பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று அம்மாவும் சொல்லியிருப்பாள். டாக்டரிடம் சொல்லக் கூச்சம். சொன்னாலும் யாருக்கும் நேரம் இல்லை. அந்த மாதிரி வந்தவர்களுக்கெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரே வரிதான் இருந்தது: சுகப்பிரசவம், தாயும் சேயும் நலம்.

மோப் துணி எண்ணுவதில் மட்டும் பெரிய சிஸ்டர் யாரோடும் சமரசம் பேசியதில்லை. அதற்கு அவர் வகுப்பில் சொல்லும் உதாரணம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று. 1963 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் ஆண் குழந்தை பெற்றாள். சில நாட்களில் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். பிறகு காய்ச்சலும் கடுமையான வயிற்று வலியும். வேறொரு மருத்துவர் மறுபடி வயிற்றைத் திறந்தபோது உள்ளே மோப் துணி கிடந்தது. அந்த மாதமே அவள் இறந்தாள். கணவர் வழக்குப் போட்டார். விசாரணை நீதிமன்றம் 36,000 ரூபாய் தரச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அச்சுத்ராவ் கோட்வா வழக்கு என்று அறியப்படும் அந்த மேல்முறையீட்டில் 1996 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் பழைய தொகையை மீட்டுக் கொடுத்தது. வயிற்றுக்குள் துணி கிடந்ததே கவனக்குறைவுக்குச் சாட்சி, தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் சாரம். தாய் இல்லாமல் வளர்ந்த அந்தப் பிள்ளைக்குத் தீர்ப்பு வரும்போது முப்பது வயது தாண்டியிருக்கும்.

தியேட்டரில் எண்ணுவதற்குப் பலகை உண்டு, ஆள் உண்டு. லேபர் அறையில் தையல் போடும்போது உள்ளே வைக்கும் துணிக்கு அப்படி யாரும் இல்லை. ரத்தம் மறைக்காமல் இருக்கக் காஸ் துணியைச் சுருட்டி உள்ளே வைப்பார்கள், தைத்து முடித்ததும் அடுத்த மேஜைக்கு ஓடுவார்கள். எட்டாம் நாள் அந்தப் பெண் காய்ச்சலோடும் துர்நாற்றத்தோடும் திரும்பி வருவாள். இதைத் தடுக்க அவர் வார்டில் இருந்த விதி: வால் வைத்த துணி மட்டும்தான் உள்ளே போகலாம், அந்த வாலில் ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் தொங்க வேண்டும், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். பயிற்சி டாக்டர்கள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே எண்ணுவார்கள்.

சட்டம் லேபர் வார்டுக்குள் வருகிற வழி விசித்திரமானது. 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் எல்லாருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனைகளை அது வெளியே நிறுத்தியது. தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிப் பிள்ளை பெற்றவள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஜி.எச்.-ல் பெற்றவளுக்கு உரிமையியல் நீதிமன்றம், உயர் நீதிமன்ற ரிட் மனு, மனித உரிமை ஆணையம் என்ற நீண்ட பாதைதான். குற்ற வழக்கு என்றால், 2005-ல் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு கோடு போட்டது. சாதாரணப் பிசகு போதாது, மிக மோசமான அலட்சியம் இருக்க வேண்டும். சார்பற்ற மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் வழக்கைக் கொண்டுபோகக் கூடாது. எடுத்த எடுப்பில் கைது கூடாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, மருத்துவரின் அலட்சியத்தால் நேர்ந்த மரணத்துக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை என்கிறது.

கோடு போட்டிருந்தும் தாண்டுகிறார்கள். 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் லால்சோட்டில் பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கில் ஒரு தாய் இறந்தார். உடலை வைத்துப் போராட்டம் நடந்தது. போலீஸ் அந்த மகப்பேறு மருத்துவர் மீது கொலை வழக்கே பதிந்தது. மறுநாள் அவர் தற்கொலை செய்துகொண்டார். அந்த வாரம் முழுக்க வார்டில் வேறு பேச்சே இல்லை என்பார் பெரிய சிஸ்டர். சின்னச் சிக்கல் என்றாலும் மேலே அனுப்பிவிடலாம் என்று டாக்டர்கள் வெளிப்படையாகவே பேசினார்கள். மேலே அனுப்புவது என்றால் 108-ல் இன்னொரு ஒன்றரை மணி நேரம். டிரிப் ஓடுகிறதா, கர்ப்பப்பையை யார் அழுத்திப் பிடித்துக்கொண்டு போவது, போகிற இடத்துக்குப் போன் பண்ணியாச்சா, என்ன மருந்து எத்தனை மணிக்குப் போட்டது என்று சீட்டில் இருக்கிறதா? பயந்து அனுப்புகிறவர்கள் இந்த நான்கில் ஒன்றையாவது விட்டுவிடுவார்கள்.

வழக்கு என்று வந்துவிட்டால் நீதிமன்றம் கேட்பது கேஸ் ஷீட்டை. நீதிமன்றத்துக்குப் போன ஷீட்டுகளைப் புரட்டிப் பார்த்த அனுபவத்தில் அவருக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கால் மணிக்கு ஒருமுறை பார்த்ததாக எட்டுக் கட்டம் இருக்கும். எட்டிலும் பி.பி. 120/80, நாடி 84, ஒரே பேனா, ஒரே சாய்வு. உட்கார்ந்து ஒரே தடவையில் நிரப்பியது என்று யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். நிஜமான நாடி இப்படி நிற்காது. 84, 92, 88 என்று ஏறி இறங்கும். பிரசவ வலியின் போக்கைக் குறித்துவைக்கும் வரைபடமான பார்ட்டோகிராமும் அப்படித்தான். 1970-களின் தொடக்கத்தில் ரொடீசியாவில் ஃபில்பாட், காசில் என்ற இரண்டு மருத்துவர்கள், மருத்துவர் இல்லாத கிராமத்துச் செவிலியர்களுக்காக எச்சரிக்கைக் கோட்டையும் நடவடிக்கைக் கோட்டையும் அதில் வரைந்தார்கள். வலி நீண்டுகொண்டே போகிறது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று முன்கூட்டியே சொல்லத்தான் அந்தக் கோடுகள். பல இடங்களில் அது குழந்தை பிறந்த பிறகு வரையப்படுகிறது.

எல்லாம் இருட்டு என்று அவர் சொல்வதில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வீட்டில் மருத்துவச்சி கையில் பெற்று, ஜன்னி கண்டு, கட்டிலோடு தூக்கி வரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறார். இன்று தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு நாட்டில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. தாய் மரணம் ஒவ்வொன்றையும் மாவட்ட ஆட்சியர் தலைமையில், இறந்தவரின் உறவினரையும் உட்கார வைத்து விசாரிக்கிற முறை வந்தது. அந்தக் கூட்டங்களில் அவரும் உட்கார்ந்திருக்கிறார். டாக்டர்கள் சொல்வது ஒரு கதை, மாமியார் சொல்வது இன்னொரு கதை. "ராத்திரி பதினோரு மணியில இருந்து குளிருதுன்னு சொன்னா, யாரும் வரல" என்று அந்த அம்மாள் சொல்லும் ஒரு வரி ஷீட்டில் எங்கும் இருக்காது. புதிய சிக்கல்களும் வந்திருக்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதம் சிசேரியன். நாட்டின் சராசரி 21.5. முதல் சிசேரியன் தழும்பில் அடுத்த கர்ப்பத்தின் நஞ்சு வேரோடி ஒட்டிக்கொண்டால், அதைப் பிரிக்கும்போது வருகிற உதிரப்போக்குக்கு விரிப்புப் பையும் மசாஜும் போதாது.

இறந்தவர்களைப் பற்றி விசாரிக்கக் கூட்டம் இருக்கிறது, படிவம் இருக்கிறது. பிழைத்துக் காயத்தோடு போனவர்களைப் பற்றி அவர் வார்டில் எதுவும் இல்லை. அதனால் ஒரு லாங் சைஸ் நோட்டை வாங்கி அவரே எழுதத் தொடங்கினார். மூன்றாம், நான்காம் தரக் கிழிசல், மூத்திரப்பைக் காயம், உள்ளே கட்டிய ரத்தம், தையல் பிரிந்தது எல்லாம் அதில் ஏறும். ஆறாவது வாரம் வரவேண்டிய தேதியும் ஏறும். "இதெல்லாம் எழுதி வச்சா நாளைக்கு நம்ம கழுத்துக்கே வரும் சிஸ்டர்" என்று ஒரு டாக்டர் கோபித்துக்கொண்டார். சில மாதங்கள் கழித்து நோட்டைப் புரட்டியபோது, பெரிய கிழிசல்களில் பெரும்பாலானவை ஆயுதம் போட்ட தலைப்பிரசவங்கள், அதுவும் ஒற்றை ஆள் டியூட்டி பார்த்த இரவுகளில் என்பது தெரிந்தது. கோபித்துக்கொண்ட அதே டாக்டர்தான், ஆயுதம் போடும்போது இரண்டாவது கை கட்டாயம் வேண்டும் என்று சூப்பிரண்டண்டுக்கு எழுதிக் கொடுத்தார்.

ஆறாவது வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். போன் போட்டால் மாமனாரோ புருஷனோ எடுப்பார்கள், "நல்லா இருக்கா சிஸ்டர்" என்று வைத்துவிடுவார்கள். மலம் அடக்க முடிகிறதா என்பதை அவர்களிடம் எப்படிக் கேட்பது? அதனால் நோட்டில் உள்ள பெயரையும் ஊரையும் அந்தந்தக் கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லிவிடும் வழக்கம் வந்தது. குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது பாப்பாவை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, தாயைத் தனியாக அழைத்து மூன்று கேள்வி கேட்க வேண்டும்: சிறுநீர் தானாகக் கசிகிறதா, காற்றும் மலமும் அடங்குகிறதா, புருஷனோடு சேரும்போது வலிக்கிறதா? மாணவிகள் மூன்றாவது கேள்வியை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். வகுப்பில் ஒவ்வொருத்தரையும் எழுப்பி நிறுத்தி, தயங்காமல் கேட்கிறவரை அந்த மூன்றையும் சொல்ல வைக்கிறார்.